இதயப் படம் போட்ட உப்பு

உப்பைக் குறைக்கச் சொன்னாரு டாக்டர். என் வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் பாதிதான் வேலை செய்யுது. உப்பில்லாத சாம்பாரை வாயில வச்சுட்டு மனுஷன் மூணு நாளா மூஞ்சியைச் சுளிச்சாரு. எனக்குப் பாவமா போச்சு. ஜொகூர் பாருல கடைக்குப் போனப்ப ஒரு உப்பு பார்த்தேன். சோடியம் கம்மியாம், பாக்கெட்டுல பெருசா இதயம் வேற வரைஞ்சிருந்துச்சு. நல்ல உப்புதானேன்னு தாராளமா அள்ளிப் போட்டேன். அவரும் தட்டை வழிச்சுச் சாப்பிட்டாரு.

ரெண்டு மூணு வாரத்துல, "காலு கனக்குது லா, மாடி ஏற முடியல"ன்னாரு. என் வாய் சும்மா இருக்குமா? "நாள் பூரா டிவி முன்னால உக்காந்தா கனக்காம றெக்கையா முளைக்கும்?"னு ஏசிட்டேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நாற்காலியை விட்டு அவரால எந்திரிக்கவே முடியல. கையைத் தூக்கிவிட்டா தொப்புனு விழுது. நாடியைப் பிடிச்சேன், விட்டு விட்டு எப்பவோ ஒரு தடவை அடிக்குது. ஐயோ, அலமாக்! பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா காரை எடுத்தாங்க. செனாய்ல எங்க வீட்டுலேருந்து ஆஸ்பத்திரி வரைக்கும், "பேசுங்க, ஏதாவது பேசுங்க"ன்னு கத்திக்கிட்டே போனேன்.

அங்க ஈசிஜி எடுத்ததுமே ஊசியும் டிரிப்புமா ஓடுனாங்க. கொஞ்சம் அடங்கினதும் சின்ன வயசு லேடி டாக்டர் ஒண்ணு வந்துச்சு. "ரத்தத்துல பொட்டாசியம் ஏகத்துக்கு ஏறியிருக்கு, ஆன்ட்டி. தசை வேலை செய்ய அது வேணும். அளவு தப்புனா கால் சோர்ந்துடும். இதயமும் தசைதானே, நின்னே போயிருக்கும். இளநீர், வாழைப்பழம் நிறைய குடுத்தீங்களா?"

இல்லவே இல்லைன்னு, திரும்ப வாங்குறதுக்காக ஃபோன்ல எடுத்து வச்சிருந்த உப்பு பாக்கெட் படத்தைப் பெருமையா காட்டினேன். அந்தப் பொண்ணு முகம் மாறிடுச்சு. சோடியத்தைக் குறைச்சுட்டு அதுக்குப் பதிலா பொட்டாசியத்தைத்தான் சேர்த்திருக்காங்களாம். நல்ல கிட்னி வெளியேத்திடும், இவரு கிட்னியால முடியாதாம். மூணு வேளையும் நான்தானே என் கையால போட்டேன்!

சாயங்காலம் அவரு தெளிஞ்சதும் அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். யோங் பெங்லேருந்து அவரு அக்கா வந்து, "என்னடா தின்ன?"னு கேட்டாங்க.

"இவளுக்குத் தெரியாம இளநி குடிச்சேன்க்கா. தினமும்."

அக்கா கிழி கிழின்னு கிழிச்சாங்க. சாகப் பாத்த மனுஷன் எல்லாத்துக்கும் தலையை ஆட்டுனாரு. ஊரையே ஏசுற நான் வாயே திறக்கல. வெக்கத்துல சுவரோரமா நின்னு அழுதேன். அக்கா வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு, "நீ என்னம்மா செய்வ, பாவம்"னாங்க.