'நிறைஞ்சிருக்கு' என்றால்...

போன வியாழக்கிழமை மீன் விற்கிற ஒரு பெண்மணி என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். நட்ட நடு மணலில் நிற்க வைத்து, நாலு பேர் பார்க்க.

"திட்டு வாங்கியதைப் போய்ப் பத்திரிகையில் எழுதுவார்களா?" என்று என் கணவர் கேட்டார். எழுதத்தான் வேண்டும். அந்தத் திட்டில் பாதி இந்தப் பக்கத்துக்குச் சேர வேண்டியது.

நாலு வாரத்துக்கு முன் இதே இடத்தில் 'இல்லை' என்ற சொல்லைப் பற்றி எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? 'ஒரு நாள் முழுக்க அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்து பாருங்கள்... எதையும் பாசிட்டிவாகப் பேசிப் பழகுங்கள்... மனசு லேசாகும்' என்றெல்லாம். கடிதங்கள் வந்து குவிந்தன. ஒரு வாசகர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பதாக எழுதியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த சந்தோஷம் அடங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி அடைமழை. செங்கல்பட்டில் எங்களுக்குத் துணி காயவில்லை என்பதுதான் கஷ்டம். கடற்கரைக் குப்பங்களில் மூன்று வாரமாகக் கட்டுமரம் இறங்கவில்லை. கடலுக்குப் போனால்தான் அங்கே உலை வைக்க முடியும்.

எங்கள் மாதர் சங்கத்தில் வீடு வீடாக அரிசி சேர்த்தோம். அரிசி மண்டிக்காரர் ஒருவர் வேன் கொடுத்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். இருப்பதைத் தேவையானவர்களுக்குக் கொடுக்க வேண்டுமே... அதனால் முதல் நாள் போய் யார் யாருக்கு வேண்டும் என்று லிஸ்ட் எடுப்பது, மறுநாள் கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஏற்பாடு. வடக்கு வரிசைக்கு லிஸ்ட் எடுத்தது நான்.

முதல் வீடு பாக்கியத்தினுடையது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வரை போய் மீன் விற்கிறவர். பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது.

"எங்கூட்டுல ஒரு மணி அரிசி இல்லம்மா. நல்லா கொட்டை எழுத்துல எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.

அடுத்த வீடு பூங்காவனத்தினுடையது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். இடுப்பில் கைக்குழந்தை. அப்போதுதான் மாடத்தில் விளக்கு ஏற்றிவிட்டு வெளியே வந்தாள். அவள் கணவர் ஏழுமலை வாசலிலேயே உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அரிசி இருக்காம்மா?" என்று கேட்டேன்.

அவள் ஒரு தடவை விளக்கைப் பார்த்தாள். ஒரு தடவை கணவரைப் பார்த்தாள்.

"நெறஞ்சி கீதும்மா" என்றாள்.

பரவாயில்லையே, கெட்டிக்காரப் பெண், மழைக்கு முன்பே வாங்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு, அவள் பெயரை எழுதாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் எனக்கு ஜலதோஷம். மற்றவர்கள் வேனில் போய் லிஸ்ட்படி கொடுத்துவிட்டு வந்தார்கள். எல்லாம் நல்லபடியாக நடந்தது என்றார்கள். வெந்நீர் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு வாரம் கழித்து, போன வியாழக்கிழமை, இரண்டாவது தடவை அரிசி எடுத்துக்கொண்டு போனோம். வேனிலிருந்து இறங்கியதுமே பாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வாம்மா, வா. நீதானே அன்னிக்கு எழுதிக்கினு போனவ? பூங்காவனம் பேரை ஏன் எழுதல?"

"அவங்க நிறைஞ்சிருக்குன்னு சொன்னாங்களே..."

"இன்னாம்மா படிச்ச நீ? வெளக்கு வெச்ச நேரத்துல, புருசன் பக்கத்துல குந்திக்கினு கீறப்போ, எவளாவது அரிசி இல்லன்னு சொல்லுவாளா? நெறஞ்சி கீதுன்னா பானை காலின்னு அர்த்தம். உங்கூட்டுல அப்டி சொல்ல மாட்டீங்களா?"

சொல்வோம்.

என் வீட்டில் நானே சொல்வேன். மாசக் கடைசியில் 'உப்பு நிறைஞ்சிருக்கு, அரிசி நிறைஞ்சிருக்கு' என்பேன். என் கணவர் மறுபேச்சுப் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். இன்னும் கேளுங்கள். அந்த 'இல்லை' கட்டுரையில் மூன்றாவது பாராவில் இந்த வழக்கத்தை நானே எடுத்துச் சொல்லிப் புகழ்ந்திருக்கிறேன்! என்ன அழகான பாசிட்டிவ் மனோபாவம் நம் பெண்களுக்கு என்று. அதையே ஒரு பெண் என் முகத்துக்கு நேரே சொன்னபோது எனக்குப் புரியவில்லை.

ஏன் புரியவில்லை? ஒரு வாரமாக யோசிக்கிறேன். கையில் லிஸ்ட் வந்ததும் நான் ஆபீஸர் ஆகிவிட்டேன் என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை. இருக்கா, இல்லையா, அடுத்த வீடு... அவ்வளவுதான். அவள் விளக்கைப் பார்த்ததை என் கண் பார்த்தது. மனசில் ஏறவில்லை.

பாக்கியம் மீதியையும் சொன்னார். அரிசி வேன் வந்தபோது பூங்காவனமும் முறத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறாள். "உன் பேர் லிஸ்டில் இல்லை" என்று எங்களவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவள் வாயில் வராத 'இல்லை'யை நாங்கள் சொல்லிவிட்டோம். வெறும் முறத்தோடு திரும்பிப் போய்விட்டாளாம்.

"நான் ரெண்டு படி எடுத்துக்கினு போய்க் குடுத்தேம்மா. அந்தாளு வாங்கல, ரோசக்காரன். மறுநாள் அத்தினி பேரும் கரையில குந்திக்கினு கீறாங்க, இவன் மட்டும் தனியா மரத்தைத் தள்ளிக்கினு போறான். போவாதடான்னு கத்தறோம்... கேட்டாத்தானே? ரெண்டாவது அலையிலயே மரம் பொரண்டுச்சு."

"ஆள்?" என்றேன்.

"ஆள் கீறான். போய்ப் பாரு."

பூங்காவனத்தின் வீட்டுக்குள் குனிந்து போனேன். ஏழுமலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். பூங்காவனம் எழுந்து, எனக்கு உட்காரப் பாய் விரித்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"என்னை மன்னிச்சிடும்மா. நீ சொன்னது எனக்குப் புரியல" என்றேன்.

"உங்க மேல இன்னா தப்பு? கடலுக்குப் போற வூடும்மா இது. வாசல்ல நின்னுக்கினு இல்லன்னு சொல்ல வாய் வர்ல" என்றாள். குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு, "பொம்பளதானே கேக்கறாங்க, புரிஞ்சிக்குவாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. அழுதேன். எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

நம்பிக்கையாகப் பேசுங்கள் என்று நான் உங்களுக்குச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. அந்தப் பெண் காலிப் பானையை வைத்துக்கொண்டு அப்படிப் பேசினாளே, அந்தத் தைரியத்துக்கு முன்னால் என் கட்டுரை எல்லாம் எந்த மூலைக்கு? ஆனால் ஒன்றை எழுத விட்டுவிட்டேன். கஷ்டத்தில் இருப்பவர் சிரித்துக்கொண்டு 'நிறைஞ்சிருக்கு' என்று சொல்லலாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து கேட்கிறவர் அதை அப்படியே நம்பிவிட்டுப் போகக் கூடாது. நமக்கு அது சௌகரியமாக இருக்கிறது, நம்பிவிடுகிறோம். 'அவங்களுக்கென்ன, சந்தோஷமாத்தான் இருக்காங்க' என்று எத்தனை பேரைப் பற்றி எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்? நான் நிறையச் சொல்லியிருக்கிறேன்.

அரிசியைப் பானையில் நானே கொட்டினேன். கொட்டும்போது அடியில் அரிசி விழுந்து கலகலவென்று கேட்ட சத்தத்தை இப்போது நினைத்தாலும் என்னவோ செய்கிறது.

கிளம்பும்போது ஏழுமலையின் கையைப் பார்த்தேன். கட்டுக்கு வெளியே விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன. ஒரு விரலும் அசையவில்லை. கட்டுமரத்தில் துடுப்புப் போடுகிற கை.

"கை எப்படிங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா கீதும்மா" என்றார்.

"வேன் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வழியாத்தான் போகுது, ஏறுங்க" என்றேன்.