டாக்டர் காரின் ஒயர்

செய்தி வந்தபோது நான் வாலாஜாபாத்தில், அண்ணன் மகள் கல்யாணத்தில் இருந்தேன். தாலி கட்டும் நேரம், கெட்டிமேளம். போனில் யாரோ கத்துவது கேட்டதே தவிர விஷயம் விளங்கவில்லை. மண்டபத்துக்கு வெளியே ஓடிவந்தேன். உத்திரமேரூர் மாட்டு டாக்டர் கோதண்டம் போய்விட்டார். மாகறலுக்கு மாடு பார்க்கத் தனியாகப் போனவருக்குக் காரிலேயே நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் பிரிந்துவிட்டது. உள்ளே மேளம் நிற்கவில்லை. அந்த மேளக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அந்தப் பழைய வெள்ளைக் காரையும் தெரியும். கேசட் போடும் காலத்து ஸ்டீரியோ. கேசட்டுகளெல்லாம் நாடா சிக்கிச் செத்த பிறகு, கேசட் வடிவத்திலேயே ஒன்றை வாங்கி உள்ளே தள்ளினார். அதற்கு வால் போல ஒரு ஒயர். நுனியைப் போனில் செருகினால், போனில் இருக்கும் நாதஸ்வரம் கார் முழுக்கக் கேட்கும். நாதஸ்வரம் தவிர வேறெதுவும் அவருக்கு ஆகாது. ஆனால் செருகும் இடம் லொடலொட. கார் பள்ளத்தில் குதித்தால் ஸ்பீக்கர் படுத்துவிடும். ஒயரை ஒரு மாதிரி சாய்த்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் இரண்டு பக்கமும் பாடும். பக்கத்தில் உட்கார்ந்து போகும் கால்நடை ஆய்வாளர் நான். அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

எனக்கு ஓர் இடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. காலை ஆட்டுவேன், ரத்தம் வரும்வரை நகம் கடிப்பேன். கட்டைவிரல் மரத்துப்போன ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்: “புது ஸ்டீரியோ போட்டுடலாமே சார், ஒயரே வேணாம்.”

“போட்டா நீ இன்னா பண்ணுவே? நகத்த கடிச்சிக்கினு வருவே. கைக்கு ஒரு வேல கீதேன்னு சந்தோசப்படுய்யா” என்றார். படித்த மனிதர்தான், வாயைத் திறந்தால் சுத்தமான ஊர்ப் பேச்சு.

தாமலில் கோமாரி தடுப்பூசி போடப் போனது மறக்காது. முந்தைய தடவை ஊசி வாங்கிய மாடுகள் மேளச் சத்தத்தை ஞாபகம் வைத்திருந்தன. எங்கள் கார் தெருமுனையில் திரும்பியதுதான் தாமதம், அவிழ்ந்து கிடந்தவையெல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். “சார், மேளத்த நிறுத்துங்க, எல்லாம் ஏரிக்குள்ள எறங்கிடுச்சு!” என்று ஜனம் அலறியது. டாக்டர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு எல்லா ஊரும் உஷார். தூரத்தில் மேளம் கேட்டாலே மாட்டைப் பிடித்துக் கட்டிவிடுவார்கள். இவரும் ஊர் எல்லையிலேயே சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

சாவு வீட்டில் எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஒரே கேள்வி குடைந்தது: ஒயரைப் பிடிக்க ஆளில்லாமல், பாட்டும் இல்லாமல், அந்தக் காருக்குள் எவ்வளவு நேரம் தனியாகக் கிடந்தார்? தூக்கமில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். கடைசியில் மாகறலுக்கே போனேன். அவரைக் கண்டெடுத்த தேவகி அக்காவிடம் கேட்டேன்.

“மேளம் கேட்டதும் எங்க மாடு கவுத்த இஸ்துக்கினு துள்ளுச்சு சார். டாக்டர் வந்துட்டாருன்னு வாசல்ல நின்னுக்கினு கீறேன். மேளம் கேக்குது, வண்டி வரல. இன்னாடா இதுன்னு போய்ப் பாத்தேன். ஓரங்கட்டிட்டு நெஞ்சப் புடிச்சிக்கினு இருந்தாரு. தண்ணி குடுத்தேன்.”

“ஏதாச்சும் பேசினாரா?”

“மாட்ட கட்டிட்டியான்னு கேட்டாரு. கட்டிட்டேன் சார்னேன். தலைய ஆட்டுனாரு.”

அங்கேயே, அவள் மாட்டுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன்.

ஆனால் மேளம் எப்படிக் கேட்டது? மறுநாள் டாக்டர் வீட்டம்மா கூப்பிட்டு, “வண்டிய விக்கப் போறோம் தம்பி. உங்க சாமான் இருந்தா எடுத்துக்குங்க. போன் ஒயரோட அப்டியே கெடக்குது. சார்ஜ் மட்டும் போட்டேன், பிரிக்க மனசு வரல” என்றார்.

என் இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். போனையும் ஒயர் நுனியையும் சேர்த்து பிளாஸ்திரி சுற்றியிருந்தார். கன்றுக்குட்டியின் கால் முறிவுக்குப் போடுவது போல நேர்த்தியான கட்டு. பாட்டைப் போட்டேன். இரண்டு பக்கமும் கணீரென்று பாடின. இவ்வளவுதான் வேலை. என்றைக்கு வேண்டுமானாலும் இதைச் செய்திருக்கலாம் அவர். எனக்கு அந்த பிளாஸ்திரி மேல் பொறாமையாக இருந்தது. பிரித்துப் போட்டேன். இடது ஸ்பீக்கர் படுத்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தி, பாட்டு முடியும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒயரைக் கேசட்டோடு கேட்டு வாங்கி வந்துவிட்டேன். அதைச் செருக என்னிடம் எதுவும் இல்லை, சட்டைப்பையில் கிடக்கிறது. கை சும்மா இருக்கும்போதெல்லாம் போய்ப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு நகம் வளர்ந்திருப்பதாக வீட்டில் சொல்கிறார்கள்.