சிங்குக்குப் பின்னால் ஒரு வால்வு

வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த ஃபிளாட்டில், சிங்குக்குக் கீழே அலமாரி அடித்தவர்கள் தண்ணீர் வால்வைப் பலகைக்குப் பின்னால் வைத்து மூடிவிட்டிருந்தார்கள். சுவர்க் குழாய் ஒரு மூலையில், டாப் இன்னொரு மூலையில். இரண்டையும் ஒரு ஹோஸை முறுக்கி இணைத்திருந்தார்கள்.

பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாள் காலை அந்த ஹோஸ் வெடித்தது. வீட்டில் நான் மட்டும்தான். துணிகளைத் திணித்துப் பார்த்தேன், தண்ணீர் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழ் வீட்டு அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தா.

“எங்கட லைட்டுக்குள்ளால தண்ணி ஊத்துது!”

“கரண்ட் மெயினை ஓஃப் பண்ணுங்கோ அக்கா.”

“எப்பிடிப் பண்ணுறது? அவருக்கு ஒட்சிசன் மெஷினெல்லோ ஓடுது!”

அவவின் கணவருக்கு நுரையீரல் நோய். மெஷின் நின்றால் அதிக நேரம் தாங்கமாட்டார். மொட்டைமாடித் தொட்டியின் குழாயை மூடலாம் என்றால் மாடிக் கதவுச் சாவி கட்டட வாட்சரிடம், அவர் பன்சலைக்கு, புத்தர் கோயிலுக்குப் போய்விட்டார்.

“அவரை உங்கட முன்வீட்டுக்குக் கொண்டுபோங்கோ. மெஷினையும் அங்க போடுங்கோ. நான் தண்ணியை நிப்பாட்டுறன்” என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

தேங்காய் உடைக்கும் கத்தியால் பலகையைக் கொத்தினேன். கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. வால்வின் பிடியைத் திருப்பினால் பாதியிலேயே சட்டத்தில் இடித்தது. கீழே கதிரை இழுபடும் சத்தம். “மெல்ல, மெல்ல” என்று அக்கா அழுகிற குரலில் சொல்வது கேட்டது. ஆணியைக் கழற்றிப் பிடியை எறிந்துவிட்டு, தண்டைக் குறட்டால் கவ்வி முழுப் பலத்தோடும் திருகினேன். தண்ணீர் நின்றது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். முன்வீட்டுக் கதிரையில் அவர் சாய்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது, ஆனால் மெஷின் ஓடியது. என்னைக் கண்டு கையைக் கொஞ்சம் உயர்த்தினார். நான் படியிலேயே இருந்துவிட்டேன்.

மறுநாள் குழாய் வேலை செய்யும் பைப் பாஸ் வந்து சுவரை உடைத்து, குழாயை டாப்புக்கு நேரே கொண்டுவந்தார். அன்று பின்னேரம் அக்காவிடம் போனேன்.

“அந்த ஹோஸ் ரெண்டு கிழமையா ஒழுகினது அக்கா. உள்ளுக்க கை போகாதெண்டு விட்டிட்டன்.”

அவ உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு அறைக் கதவைச் சாத்தினா.

“அவருக்குச் சொல்லாதேங்கோ” என்றா. “உங்களைத்தான் அவர் புகழ்ந்துகொண்டிருக்கிறார்.”