ஷூ கழற்றாத சூப்பர்வைசர்

அவனைத் தெருவில் எல்லோரும் டேப் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு மாறுகிறவர்களின் சாமான்களைக் கட்டி, லாரியில் ஏற்றி, போகிற இடத்தில் இறக்கிக் கொடுக்கிற கம்பெனியில் அவன் மேஸ்திரி. பழுப்பு டேப் சுருள் ஒன்று எந்நேரமும் அவன் மணிக்கட்டில் வளையல் மாதிரி கிடக்கும். கல்யாணத்தன்றுகூடக் கிடந்தது என்று அவன் மனைவி சொல்வாள். அவள் பள்ளிக்கூட டீச்சர், பொய் சொல்ல மாட்டாள்.

இரண்டாவது குழந்தை வீட்டுக்கு வந்ததிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மகன் பிறந்த செய்தியை எல்லோருக்கும் போனில் சொன்னான். கை தவறி யாரோ ஒருவருக்குப் போன அழைப்பிலும் மூக்கு யார் சாயல், காது யார் சாயல் என்று விவரமாகச் சொல்லி முடித்தான். அந்த மனிதரும் பொறுமையாகக் கேட்டு, வாழ்த்திவிட்டுத்தான் வைத்தார். தூக்கம் கெட்டால் சிலருக்குக் கோபம் வரும். இந்தப் புருஷன் பெண்டாட்டிக்குச் சிரிப்பு வந்தது. டீயில் உப்பைப் போட்டார்கள், அதைக் குடித்தார்கள், குடித்ததற்கும் சிரித்தார்கள். ஒருநாள் டயப்பரின் ஒட்டு பிய்ந்துபோக, வேறொன்று எடுக்க எழுந்திருக்கச் சோம்பல்பட்டு, மணிக்கட்டு டேப்பை இழுத்துப் பிள்ளையின் இடுப்பைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான்.

"என்னங்க இது? புள்ளையா, பிரிட்ஜா?"

"இனிமே தானா அவிழவே அவிழாது, பாரு."

"அதான் பயமா இருக்கு! ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, தையல் வலிக்குது."

இத்தனை கூத்துக்கும் நடுவே அவனை ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அது மூத்தவள் விஷயம். இன்னும் பள்ளிக்கூடம் போகாத வாண்டு. சில நாட்களில் அவளைக் கம்பெனி கோடவுனுக்குக் கூட்டிப்போவான். அவன் தோளில் உட்கார்ந்துகொண்டு, "அதை அங்க வைங்க, மெதுவா, மெதுவா" என்று வளர்ந்த ஆட்களை வேலை வாங்குவாள். அதனால் அங்கே அவள் பெயர் சூப்பர்வைசர். சாயங்காலம் அவன் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் போதும், சாவியை மாட்டுவதற்குள் தோளில் ஏறியிருப்பாள்.

தம்பி வந்த நாளிலிருந்து அவள் தோளில் ஏறவில்லை. அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. கூப்பிட்டால் வந்து நிற்பாள், கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, ஷூ போட்டுக்கொண்டே வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்திருந்தாள். தூங்கும்போதும் ஷூதான். தண்ணீர் பாட்டில் கழுத்தில் தொங்கியது. கழற்றச் சொன்னால், "வேணாம், இருக்கட்டும்" என்று பெரிய மனுஷி மாதிரி பதில் வந்தது.

"பொறாமைங்க. எல்லாக் குழந்தைக்கும் வர்றதுதான். கண்டுக்காம விடுங்க" என்றாள் டீச்சர்.

அவன் கண்டுகொள்ளாமல்தான் இருக்கப் பார்த்தான், முடியவில்லை. லீவு முடிந்து நாளை வேலைக்குக் கிளம்ப வேண்டும். தோள் காலியாக இருக்கிற வீட்டிலிருந்து கிளம்பிப்போக அவனுக்கு மனசே வரவில்லை. மகன் வந்த சந்தோஷத்தில் மகளைத் தொலைத்துவிட்டோமோ என்று உள்ளுக்குள் பயந்தான்.

அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. எந்தெந்தச் சாமான் போகிறதோ அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சமையலறைக்குப் பச்சை, கூடத்துக்கு நீலம், படுக்கையறைக்குச் சிவப்பு. ஸ்டிக்கர் ஒட்டினது லாரியில் போகும், ஒட்டாதது வீட்டோடு இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத சூப்பர்வைசர் இதை மட்டும் கரைத்துக் குடித்திருந்தாள். பிரசவத்துக்கு முன்னால், தொட்டிலுக்கு இடம் வேண்டும் என்று அவளுடைய சின்னக் கட்டில், துணிமணி, பொம்மை எல்லாவற்றையும் பின்னறைக்கு மாற்றியதும் அவன்தான். மாற்றுவது பத்தடி தூரம். என்றாலும் ஸ்டிக்கர் ஒட்டாமல் ஒரு பெட்டியைத் தூக்க அவன் கைக்குப் பழக்கமில்லை. பரபரவென்று எல்லாவற்றிலும் சிவப்பை ஒட்டித்தான் தூக்கினான். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடியதில் அதைப் பிய்க்க மறந்தே போனான்.

பொறாமையைப் போக்க டீச்சர் ஒரு யோசனை சொன்னாள். அதன்படி ஒரு பொம்மை வாங்கிவந்து, "தம்பி உனக்குக் கொண்டு வந்தான்" என்று நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். தன் பொம்மைகள் இருந்த அட்டைப் பெட்டியைத் திறந்து, உள்ளே படுக்க வைத்து மூடினாள்.

"அப்பா, பெட்டியில இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டு. இது புதுசு, தெரியணும்ல."

அவனுக்கு வாயெல்லாம் பல். தொழில் ரத்தத்தில் ஊறியிருக்கிறது என்று டீச்சரிடம் பீற்றிக்கொண்டே, பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை எடுத்துத் தன் கையாலேயே அழுத்தி ஒட்டிக் கொடுத்தான். பெட்டியை அவள் வாசல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனதையும் விளையாட்டு என்றுதான் நினைத்தான்.

அன்று மத்தியானமே கம்பெனி லாரி டிரைவர் குழந்தையைப் பார்க்க வந்தான். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாதவன். அதனால் லாரியையே ஓட்டிவந்து வாசலை அடைத்து நிறுத்தினான். டீச்சரை வாய் நிறைய அண்ணி என்பான். மூத்தவளுக்கு அவன் லாரி சித்தப்பா. உள்ளே வந்தவனிடம் டேப் போட்ட டயப்பர் கதையை டீச்சர் சொல்ல, அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மாஸ்டர், 'இந்தப் பக்கம் மேலே'ன்னு அம்புக்குறி போட்டீங்களா இல்லையா?"

"போட்டிருப்பாரு, நான்தான் தடுத்துட்டேன்" என்றாள் டீச்சர்.

சிரித்து ஓய்ந்தபோதுதான் சூப்பர்வைசரைக் காணோம் என்று தெரிந்தது. பின்னறையில் இல்லை. குளியலறையில் இல்லை. வாசல் ஓரத்தில் இருந்த பெட்டியும் இல்லை. டேப் மாஸ்டர் செருப்புக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடினான்.

லாரியின் பின்பக்கம், ஏறத் தெரியாமல், பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். ஷூ லேஸ் இறுக்கிக் கட்டியிருந்தது. தண்ணீர் பாட்டில் நிறைய இருந்தது. சட்டையின் நெஞ்சில், பெட்டியிலிருந்து பிய்த்து ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர் கோணலாக இருந்தது.

"நான் ரெடிப்பா. தூக்கி ஏத்து."

"எங்கடா கண்ணு போற?"

"எனக்குத் தெரியாது. நீதான ஸ்டிக்கர் ஒட்டின." சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள், "தம்பி சாமான்ல ஒண்ணுலயும் ஒட்டல. அவன் இங்கயே இருப்பான். நான் அழவே இல்லப்பா. லாரி வந்தா நல்ல புள்ளைங்க அழாதுன்னு நீ சொன்னல்ல?"

சொல்லியிருந்தான். வீடு மாறும்போது கத்திக் கூப்பாடு போடுகிற பிள்ளைகளைப் பற்றியும், சமர்த்தாக ஏறி உட்கார்கிற பிள்ளைகளைப் பற்றியும் அவளுக்குக் கதை கதையாகச் சொன்னவன் அவன்தான். இத்தனை நாளும் அவள் கோபித்துக்கொண்டு திரியவில்லை. லாரி வருவதற்காகச் சமர்த்தாகக் காத்திருந்திருக்கிறாள்.

"அந்த வீட்ல யாராச்சும் இருப்பாங்களாப்பா?"

அவன் நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "எந்த வீடும் இல்லடா, எங்கயும் போகல, அப்பா ஒரு மடையன், சுத்த மடையன்" என்று சொல்லிச் சொல்லி அழுதான். அவன் அழுதது போதாதென்று, வாசற்படியில் நின்ற லாரி சித்தப்பாவும் சட்டையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். அழாத ஒரே ஆள் சூப்பர்வைசர்தான். அவள் நெஞ்சிலிருந்த ஸ்டிக்கரை அவன் பிய்க்கப் போனதும் கையைத் தட்டிவிட்டாள்.

"ஒட்டினா போயே ஆகணும். அதான ரூலு?"

அதுதான் ரூல். கற்றுக்கொடுத்தவனே மீற முடியுமா? அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். டிரைவரைப் பார்த்தான். டிரைவருக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு பேருமாகப் பின்னறைக்குப் போய்க் கட்டிலை எடுத்துவந்தார்கள், துணி மூட்டையை எடுத்தார்கள், கரடி பொம்மையை எடுத்தார்கள். சிவப்பு ஒட்டின எல்லாம் லாரியில் ஏறியது. டீச்சர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்று, "என்னங்க நடக்குது இங்க?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள், விஷயத்தை அவன் காதோடு சொன்னதும் அழுதாள், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். மகளை மடியில் வைத்துக்கொண்டு அவன் முன்சீட்டில் ஏறினான். லாரி ஹாரன் அடித்தபடி புறப்பட்டுத் தெருமுனைவரை போய், அங்கே திணறித் திரும்பி, வந்த வழியே வந்து, அதே வீட்டு வாசலில் நின்றது.

"மேடம், உங்க புது வீடு வந்துடுச்சு" என்றான் டிரைவர்.

அவள் எட்டிப் பார்த்தாள். அதே கதவு. கதவில் அம்மா. அம்மா தோளில் தம்பி.

"இது நம்ம வீடு!"

"ஆமா. ஸ்டிக்கர்ல இந்த வீடுதான் போட்டிருக்கு" என்றான் அவன்.

அவள் அவன் முகத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சீட்டில் எழுந்து நின்று, ஷூக் காலால் அவன் தொடையை மிதித்து, விலாவை உதைத்து, தோளில் ஏறி உட்கார்ந்தாள். சட்டை முழுக்கத் தெருப் புழுதி. அவன் தட்டிவிடவே இல்லை.

கட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, எல்லா வீட்டிலும் கேட்பதை டிரைவர் கேட்டான். "எங்க வைக்கணும் மேடம்?"

"அம்மா ரூம்ல. தொட்டில் பக்கத்துல. இடிக்காம வைங்க."

தொட்டிலும் இரண்டு கட்டிலும் சேர்ந்ததில் அந்த அறையில் கதவு பாதிதான் திறந்தது. யாரும் குறை சொல்லவில்லை. பொம்மைப் பெட்டி ஜன்னலடிக்குப் போனது. எல்லாவற்றையும் தோளில் இருந்தபடியே அவள் கை நீட்டிக் காட்டினாள். நெஞ்சு ஸ்டிக்கரையும் கடைசியில் அவளே பிய்த்து அப்பாவின் நெற்றியில் ஒட்டினாள்.

டீச்சர் பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தி முன்னால் வந்தாள். "மேடம், இது ஒண்ணு பாக்கி இருக்கு. இதை எங்க வைக்கணும்?"

சூப்பர்வைசர் கீழே இறக்கிவிடச் சொன்னாள். தரையில் உட்கார்ந்து, இறுக்கிக் கட்டிய லேஸோடு மல்லுக்கட்டி, இரண்டு ஷூவையும் கழற்றி மூலையில் எறிந்தாள். வெறுங்காலைச் சம்மணம் போட்டுக்கொண்டு, மடியைத் தட்டிக் காட்டினாள்.

"இங்க வைங்க. மெதுவா. உடையற சாமான்."