அதிகாரி வருவதற்குள் ஓர் அறை

சமூக நல இலாகாவிலிருந்து போன் வந்தபோது நான் வேலை செய்யும் பல் கிளினிக்கின் முன்மேசையில் இருந்தேன். வளர்ப்புப் பிள்ளைக்காக நாங்கள் கொடுத்திருந்த மனுவைப் பார்த்துவிட்டார்களாம். வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழக்கிழமை அதிகாரி ஒருவர் வீட்டைப் பார்க்க வருவார் என்று ஒரு பெண்குரல் மலாயில் சொன்னது. நன்றி சொல்லி வைத்தேன். அடுத்து உள்ளே போக வேண்டியவரின் பெயரை இரண்டு தரம் தப்பாகக் கூப்பிட்டேன்.

எங்கள் வீடு கிள்ளானில், லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடியில், மூன்றாவது மாடியில் இருக்கிறது. இரண்டு அறை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டாவது அறையின் கதவைத் திறப்பதே குறைந்துபோனது. உடைந்த காற்றாடி, பழைய மெத்தை, தீபாவளி விளக்குப் பெட்டி என்று எல்லாவற்றையும் அதற்குள் தள்ளிவிட்டோம்.

அன்று சாயங்காலம் வந்ததும் நேரே போய் அந்தக் கதவைத் திறந்தேன். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் கறுப்பாக ஈரம் பூத்திருந்தது. தரையில் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பு ஓரமெல்லாம் சுருண்டு கிடந்தது. ஒரு அதிகாரியின் கண்ணால் பார்த்தேன். இந்த அறையில் நானே ஒரு பிள்ளையை விடமாட்டேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்துக் கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். எதற்கும் பதறாதவர். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் போதும் லா. நாமளே செஞ்சுருவோம்" என்றார். ஆள் வைத்துச் செய்யக் கையில் பணமில்லை என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

சனிக்கிழமை பெயிண்ட் கடைக்குப் போனோம். சீனக் கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாரோ என்னவோ, யாரோ கலக்கச் சொல்லி எடுக்காமல் போன ஒரு வாளியைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். மூடியில் காய்ந்திருந்த சொட்டு இளம் மஞ்சளாக இருந்தது. "நல்ல கலர் பாஸ், எடுத்துக்குவோம்" என்று என்னைக் கேட்காமலே இவர் வாங்கிவிட்டார்.

சுவரில் ஏறியதும் அது இளம் மஞ்சளாக இல்லை. சாம்பாரில் போடும் மஞ்சள்தூள் மாதிரி எரிந்தது. நான் அறை நடுவில் நின்று, "இதுல எப்படிங்க ஒரு பிள்ள தூங்கும்?" என்று கேட்டேன். அவர் உருளையை வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்சமிருந்த பெயிண்டில் ஒரு டப்பா வெள்ளை வாங்கிக் கலந்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க மறுபடி அடித்தோம். கொஞ்சம் அடங்கியது.

கட்டில் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்தது. அங்கே இருக்கும் என் நாத்தனாரின் மகள் கல்யாணமாகிப் போனதில் அவள் கட்டில் சும்மா கிடந்தது. கழற்றிக் கட்டிவைத்துக் கொடுத்த நாத்தனார், வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கும் பிள்ள வரட்டுமே மா. முன்னாடியே எல்லாத்தையும் ஜோடிச்சு வைக்காத."

அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். முதல் தரம் கலைந்தபோது, பிள்ளைக்கென்று நான் வாங்கிவைத்த துணிகளை எடுத்துப்போய் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தவர் அவர்தான். "அதிகாரி வந்து கட்டில் எங்கன்னு கேப்பாங்க அண்ணி" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால், புதுப் பெயிண்ட் ஜன்னலுக்குப் பக்கத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. விரலால் தொட்டேன். தோல் மாதிரி உரிந்து, உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்தது. கறை பழையதில்லை. இன்னும் எங்கிருந்தோ ஒழுகிக்கொண்டிருந்தது.

வேலைக்குப் போகாமல் நேரே மேல் வீட்டுக்கு ஏறினேன். அங்கே ஒரு வயதான மலாய் அம்மா தனியாக இருக்கிறார். பல வருஷமாகப் படிக்கட்டில் சிரித்துக்கொள்வதோடு சரி. கதவைத் தட்டும்போதே எனக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. கிரில் வழியாக என்னைப் பார்த்ததும், நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மலாயில், "ஒழுகுதா? எனக்குத் தெரியும் மகளே" என்றார். அடுத்த நிமிஷம் அழ ஆரம்பித்துவிட்டார். குளியலறைக் குழாய் உடைந்து மாதக்கணக்காகிறது. மகனிடம் சொன்னால் வீட்டை விற்றுவிட்டு வா என்பான், அதனால் யாரிடமும் சொல்லவில்லையாம்.

கொண்டுபோன கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். சாயங்காலம் இவர் வேலையிலிருந்து வந்ததும் சாமான் பெட்டியோடு மேலே போனார். குழாயின் ஒரு துண்டை வெட்டி மாற்றினார். தண்ணீர் நின்றது. ஆனால் சுவர் காய வேண்டுமே! வியாழக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

புதன்கிழமை லீவு போட்டேன். கொப்புளமெல்லாம் சுரண்டி எடுத்தேன். கடன் வாங்கிய பெரிய காற்றாடியைச் சுவருக்கு நேராக வைத்தேன். கொஞ்சம் காய்ந்த இடத்தில் சுவரைச் சமப்படுத்தும் வெள்ளைப் பட்டி பூசினேன். கட்டில் பலகைகள் ஹாலில் சாய்ந்திருந்தன. தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். மத்தியானம் மூன்று மணி இருக்கும், போன் அடித்தது. அன்றைக்குப் பேசிய அதே பெண்குரல். வரப்போகும் அதிகாரி அவரேதான்.

"நாளைக்கு எனக்கு வேறொரு வேலை வந்துவிட்டது. இப்போது உங்கள் பிளாக் கீழேதான் நிற்கிறேன். வரலாமா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் மூன்று மாடி ஏறி வரும் நேரத்தில் முகத்தைக் கூடக் கழுவவில்லை. ஓடி ஓடி எதையும் மறைக்க முடியாமல் ஹாலில் நின்றுவிட்டேன்.

தலையில் தூடோங் முக்காடு கட்டிய நடுவயதுப் பெண்மணி அவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், பலகைகளைத் தாண்டி நேரே அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போய், மரியாதைக்குப் புவான் புவான் என்று மலாயில் கொட்டினேன். மேல் வீட்டில் ஒழுகியது, சரிசெய்துவிட்டோம், நாளைக்குள் அடித்துவிடுவோம், இப்படியே இருக்காது புவான், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவர் சுவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஜன்னல் கிரில்லின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே தன் கையை நுழைத்தார். முழங்கைவரை போனது, தோள்வரை போனது.

"ஐந்து வயதுப் பிள்ளையின் தலை இதற்குள் போகும்" என்றார். "இது மூன்றாவது மாடி."

பத்து நாளாக அந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்று நிறத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறேன். அந்த இடைவெளி என் கண்ணில் படவே இல்லை. தரையில் திறந்து கிடந்த பெயிண்டில் கலக்கும் தின்னர் டப்பாவையும் அவர் குனிந்து மூடிவைத்தார். பிறகு சமையலறை, குளியலறை எல்லாம் பார்த்தார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது, "இதையெல்லாம் யார் செய்தது?" என்று கேட்டார்.

"நானும் வீட்டுக்காரரும்தான் புவான்."

"கிரில்லைச் சரிசெய்துவிட்டுக் கூப்பிடுங்கள். இன்னொரு தரம் வருகிறேன்."

இல்லை என்று அவர் சொல்லவில்லை என்பது அவர் படி இறங்கிப் போன பிறகுதான் உறைத்தது. அப்படியே பட்டித் தூளில் உட்கார்ந்துவிட்டேன்.

கிரில்லுக்கு நடுக்கம்பிகளை இவரோடு வேலை செய்யும் வெல்டர் ஒருவர் வந்து பற்றவைத்துக் கொடுத்தார். ஈரம் காயச் சுவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. இரண்டாம் தரம் வந்த அதிகாரி கால் மணி நேரம்கூட இருக்கவில்லை. அதற்குப் பிறகு மாதங்கள் ஓடின. ஒவ்வொரு நாளும் கீழே போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். மனுவை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்த நாளில் இவர் அதை நின்றுகொண்டே மூன்று தரம் படித்தார்.

அவள் ஒரு பள்ளி விடுமுறையின்போது வந்தாள். ஐந்து வயது. ஒரே ஒரு பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அதிகாரி போன பிறகு நான் அறையைக் காட்டினேன். சுவரைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள்.

"ஆன்டி, கதவ சாத்திக்கலாமா?" என்று கேட்டாள்.

"சாத்திக்கோ மா" என்றேன்.

உள்ளே சத்தமே இல்லை. அழுகிறாளோ, ஜன்னல் பக்கம் போய்விட்டாளோ என்று கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். தட்டப் போனேன். இவர் என் கையைப் பிடித்து, "விடு. கொஞ்ச நேரம் இருக்கட்டும் லா" என்றார்.

அரைமணி நேரம் இருவரும் ஹாலில் நின்றோம். கதவு கொஞ்சமாகத் திறந்தது. பை இன்னும் அவள் நெஞ்சோடுதான் இருந்தது.

"எனக்குப் பசிக்குது" என்றாள்.

அடுப்படிக்கு ஓடினேன்.