எமகண்டத்தில் சிரித்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா விளாத்திகுளத்தில் மிளகாய் விவசாயம் பார்த்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். தங்கைகள் நாங்கள் படிக்க, அவர் பள்ளிக்கூடத்தோடு நின்று, கோவில்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அத்தானின் தீப்பெட்டி ஆபீசில் அவர் கை படாத வேலை இல்லை. வாய் ஓயாது. தெருவில் யார் வீட்டுக் குழம்பில் உப்பு கூடியது என்பது வரை அவருக்குத் தெரிந்துவிடும்.

அத்தான் மாரடைப்பில் மறைந்ததும் அந்த வாய் மூடிக்கொண்டது. வருஷம் திரும்பும்வரை வாசலுக்கு வரக்கூடாது என்றார்கள் பெரியவர்கள். வருஷம் திரும்பிய பிறகும் அக்கா வரவில்லை. சோறு இறங்கவில்லை. அவரையும் இழந்துவிடுவோமோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

சென்னையில் வேலை பார்த்த அக்கா மகள்தான், இணைய வழியில் நடந்த தமிழ்ச் சான்றிதழ் படிப்பில் அவரைச் சேர்த்துவிட்டாள். பிரவுசிங் சென்டருக்கு நான் கூட்டிப் போனேன். "இந்த வயசுல இவளுக்குக் கம்ப்யூட்டரு கேக்குதாக்கும்" என்றார் ஒரு பெரியம்மா. அவரும் அக்காவின் இந்த நினைவு மலரைப் படிப்பார்; நன்றாகப் படிக்கட்டும்.

கூடப் படித்தவர்கள் எல்லாரும் குடும்பஸ்தர்கள். பம்பாயில் ஒரு டீச்சர், துபாயில் லாரி ஓட்டுபவர், இப்படிப் பலர். பாடத்துக்குக் கீழே ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளலாம். "அக்கா, சாப்பிட்டாச்சா?" என்று முகம் பார்க்காதவர்கள் கேட்டார்கள். பதில் எழுத வேண்டுமே என்பதற்காகவாவது அக்கா சாப்பிட ஆரம்பித்தார்.

கடைசிக் கட்டுரையை ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பரீட்சை கிடையாது. அக்கா பத்தே முக்காலுக்கே எழுதி முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ராகுகாலத்தில் அனுப்பக்கூடாதாம்! பன்னிரண்டு தாண்டியதும் சாமியைக் கும்பிட்டு அனுப்பியிருக்கிறார். நேரம் முடிந்துவிட்டது என்று திரையில் வந்தது. காய்கறி வாங்கிக்கொண்டு நான் திரும்பியபோது அழுதுகொண்டிருந்தார்.

"எனக்கு எதுவும் வெளங்காதுட்டி. இனிமே இங்கன வரமாட்டேன்."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நடந்தத அப்படியே பாடத்துக்குக் கீழ எழுதுக்கா" என்றேன். எழுதினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவரை மறுபடி இழுத்து வந்து பார்த்தால், பம்பாய் டீச்சரும் அதே ராகுகாலத்துக்குக் காத்திருந்து கோட்டை விட்டிருந்தார்! அதற்குக் கீழே பேராசிரியர் எழுதியிருந்தார்: "மாலை ஐந்து வரை நேரம் தருகிறேன். தயவுசெய்து எமகண்டம் பார்த்துவிடாதீர்கள்."

மணி மூன்றரை. எமகண்டம்தான் நடந்துகொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்தார். சிரித்தார். பக்கத்துக் கேபின்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். அத்தான் போன பிறகு அன்றுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

"எமன் வந்தா வரட்டும்ட்டி, நான் அனுப்புதேன்."

முதல் வகுப்பில் தேறினார். அடுத்து பட்டயப் படிப்பு. வீட்டுக்குள்ளேயே கிடந்த நாலைந்து பெண்களையும் பிரவுசிங் சென்டருக்கு இழுத்துப் போனார். தெருவுக்கு அக்காவின் வாய் திரும்பக் கிடைத்தது. புற்றுநோய் வந்து படுத்த பின்னும், பார்க்க வந்தவர்களிடம் பாடம்தான் பேசினார். பட்டயம் கைக்கு வந்த பிறகே கண் மூடினார்.

பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த தெருக்காரர்களுக்கும், அந்தப் பேராசிரியருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்கு, யாருக்கும் முன்பின் தெரியாத ஓர் அம்மா ரயிலேறி வந்து, அக்காவின் படத்துக்கு முன் நின்று அழுதார்.

"நீங்க அவியளுக்கு என்ன சொந்தம்?" என்று கேட்டார்கள்.

"சொந்தமில்லீங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்" என்றார்.

அவரைத்தான் உறவுக்காரர்களுக்கெல்லாம் முன்னால், அக்கா படத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம்.