சோதனைச்சாவடியில் ஒரு வளைகாப்பு

நல்ல வீட்டுப் பொம்பளை சாராயம் கடத்துவாளா என்று யாராவது மூக்கில் விரலை வைத்தால், உங்கள் வீட்டு ஆம்பளை வேலை பார்க்கிற மில்லை ஒரு வருஷம் பூட்டட்டும், அப்புறம் வந்து கேளுங்கள் என்றுதான் சொல்வேன். எங்களுக்குப் பூட்டினார்கள். புதுச்சேரியில் சாரம் பகுதியில் ஓட்டு வீடு, நான், என் வீட்டுக்காரர், மாமியார். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் என் வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. மாமியார் மகனுக்கு வேறு பெண் கிடைக்குமா என்று தண்ணிக் குழாயடியில் என் காதுபடவே விசாரித்துக்கொண்டிருந்தார்.

பிரெஞ்சுக்காரன் கப்பலேறிச் சில வருஷம் ஆகியிருந்தது. அவன் காலத்துச் சுங்கச் சாவடியை எங்கள் ஆட்கள் துவான் என்பார்கள். துவான் ஒழிந்தது, இனி எவனும் மூட்டையைப் பிரிக்கமாட்டான் என்று கொண்டாடினோம். எங்கே? புதுச்சேரியில் சாராயக் கடை பட்டப்பகலில் திறந்திருக்கும். எல்லையைத் தாண்டினால் மெட்ராஸ் ராஜ்யம், அங்கே மதுவிலக்கு. ஆகவே திண்டிவனம் ரோட்டில் போலீஸ்காரர்கள் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கி, சோதித்து நடக்க வைத்து, அந்தப் பக்கம் ஏற்றுவார்கள்.

என் வீட்டுக்காரர் இடுப்பில் சாராயம் ஊற்றிய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டு போய் முதல் தடவையே மாட்டிக்கொண்டார். அடித்து, மறுபடி இந்த மூஞ்சியைப் பார்த்தால் ஜெயில்தான் என்று துரத்தினார்கள். சாமர்த்தியம் இல்லாத மனுஷன், என்ன செய்ய? அப்போதுதான் அவருடைய அக்கா, என் நாத்தனார், எல்லையோரத்துச் சேதராப்பட்டிலிருந்து வந்தார். அங்கே அவர்களுக்குக் கொல்லை இருந்தது. சரக்கு அவர் புருஷனுடையது.

"ஆம்பளைன்னா தடவிப் பாப்பானுங்க. புள்ளத்தாச்சிய எவன்டி தொடுவான்?" என்றார் நாத்தனார், என் தட்டை வயிற்றைப் பார்த்துக்கொண்டே.

"அண்ணி, மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா ஜெயிலு. மாட்டாத."

சொல்லிவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார். ஜெயிலுக்குப் போய் வந்த மலடியை எந்த வீட்டில் சேர்ப்பார்கள்? என் அம்மா வீட்டுக்கும் போக முடியாது. அப்பா அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்கிறவர்.

சும்மா சொல்லக் கூடாது, நாத்தனார் தொழிலில் கெட்டிக்காரர். கார் டியூபை வெட்டி, ஒரு முனையைக் கயிறு போட்டு இறுக்கி, சாராயத்தை ஊற்றி, மறுமுனையையும் இறுக்கிக் கட்டுவார். அதை என் வயிற்றில் வைத்துப் பழைய வேட்டியால் சுற்றி, மேலே புடவை. முதல் தடவை கொஞ்சம்தான் ஊற்றினார். போலீஸ்காரன் கண்ணுக்கு மூணு மாசம். அடுத்த மாசம் இன்னும் கொஞ்சம். "வயிறு வளரணும்டி, அவனுங்களும் கண்ணு வெச்சிருக்கானுங்க இல்ல?" என்பார். வெள்ளிக்கிழமை காலையில் சேதராப்பட்டுக் கொல்லையில் வயிற்றைக் கட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் ஏறுவேன். திண்டிவனத்தில் ஒரு சோடாக்கடைப் பின்கட்டில் பிரசவம். சாயங்காலம் ஆள் இல்லாத பஸ்ஸாகப் பார்த்துத் தட்டை வயிறாகச் சாரம் திரும்புவேன்.

யார் என்ன நினைத்தாலும் சரி, எனக்கு அந்த வயிறு பிடித்திருந்தது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். கண்டக்டர், "பாத்து ஏறும்மா, அவசரமில்ல" என்று விசில் ஊதாமல் நிற்பான். முன்பின் தெரியாத கிழவிகள் மாங்காய்ப் பத்தையை முந்தானையில் முடிந்துவிடுவார்கள். சாரத்தில் எவளும் தன் குழந்தையை என் கையில் கொடுக்கத் தயங்குவாள். திண்டிவனம் பஸ்ஸில் நான் மகாலட்சுமி. டியூபின் மேல் கையை வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, சில நேரம் நிஜமென்றே நினைத்துக்கொள்வேன்.

ஒரே ஒரு பயம் கூடவே வந்தது. என் பிறந்த ஊர் சோதனைச்சாவடிக்கு அந்தாண்டை, அதே ரோட்டில்தான். ஊர் ஆள் எவராவது பார்த்துவிட்டால்? முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டுதான் போவேன். ஒரு வெள்ளிக்கிழமை மல்லாட்டை, வெளியூரில் வேர்க்கடலை என்பார்களே, அந்த மூட்டையோடு எங்கள் ஊர்க்காரர் ஒருவர் முன்சீட்டில் இருந்தார். திரும்பினார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்க்கவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் எனக்கு ஏழு மாசம். டியூப் தொம்மென்று இருந்தது. இறக்கிவிட்ட இடத்திலிருந்து மூங்கிலை நோக்கி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நடந்தேன். பெண்களைச் சோதிக்க அங்கே ஒரு பொம்பளையைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். கட்டை உருவம், துருதுருவென்ற கண். எப்போதும் என்னைப் பார்த்தால், "போ தாயி" என்று கையை ஆட்டிவிடுவாள். அன்றைக்கு ஆட்டவில்லை.

"எத்தினி மாசம்?"

"ஏழு முடியப்போவுது."

"தலைச்சனா?"

"ஆமாக்கா."

அவள் என் கைகளைப் பார்த்தாள். "ஏழு மாசத் தலைச்சன், கையில ஒத்த வளகாப்பு வளையல இன்னமும் காணோம்? ஒனக்கு அம்மா வூடு இல்லியா?"

பகவானே! எல்லாவற்றையும் யோசித்த நாத்தனார் இதை யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. ஏழாம் மாசத்தில் தாய் வீட்டார் வந்து கை நிறைய வளையல் அடுக்காத தலைச்சன் பிள்ளைத்தாச்சி எங்கள் பக்கத்தில் உண்டா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் டியூபை மட்டும் பார்த்தோம். டியூபுக்கு எவள் வளைகாப்பு போடுவாள்?

"செத்த இந்தத் தட்டிக்குப் பின்னால வா" என்றாள் அவள். ஹெட் கான்ஸ்டபிள் பெஞ்சியிலிருந்து எழுந்து நின்றார். ஜெயில் கதவை அப்போதே பார்த்துவிட்டேன்.

"எம்மாடி! எங்கண்ணு!"

என் அம்மாவின் குரல். மூங்கிலுக்கு அந்தாண்டை புளியமரத்தடியில் எங்கள் மாட்டு வண்டி நின்றது. அம்மா தாம்பாளத்தோடு ஓடி வந்தார். பின்னால் என் சித்திமார்கள் இரண்டு பேர், கையில் சோற்றுத் தூக்கு. அப்பா வண்டியோரம் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொம்பளைகள் காரியம் என்பதால் கிட்டே வரவில்லை. ஆனால் வாயெல்லாம் பல். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மல்லாட்டைக்காரர் தன் வேலையைச் செய்திருந்தார்.

சோதிக்கிறவளைப் பார்த்து அம்மா பொரிந்தார். "ஏன் அம்மா வூடு இல்ல? கல்யாணத்துல அவ மாமியாக்காரி சீரு பத்தலன்னு வாய்க்கு வந்தத பேசுனா. அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்தவ நான். எம் பொண்ணு முழுவாம இருக்கறத, வெள்ளிக்கெழமையானா இந்த பஸ்ஸுல வர்றத எவனோ ரோட்டுல போறவன் வந்து எனக்குச் சொல்றான். அவ வூட்டுக்குப் போவமாட்டேன். ரோட்டுல நிக்க வெச்சாச்சும் எம் பொண்ணு கைய நெறைப்பேன். இப்ப இன்னான்ற?"

சோதிக்கிறவள் முகம் இளகிவிட்டது. ஹெட் கான்ஸ்டபிள், "நல்ல காரியம், நெழல்ல வெச்சி செய்யுங்கம்மா" என்று தன் கொட்டகையையே ஒதுக்கிக் கொடுத்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய பொம்பளைகள் சூழ்ந்துகொண்டார்கள். கண்டக்டர்கூடப் போகலாம் என்று சொல்லவில்லை. வேண்டாம்மா, நேரமாவுது என்று நான் முனகியது யார் காதில் விழுந்தது?

தரையில் மனைப்பலகையைப் போட்டு என்னைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்கள். பஸ் சீட்டில் நிமிர்ந்து உட்காரலாம். மனையில் காலை மடக்கி உட்கார்ந்தால் டியூப் தொடைக்கும் மாருக்கும் நடுவே நசுங்கும். நசுங்கியது. அம்மா வேப்பங்கொழுந்தை வளைத்து முதல் காப்பைப் போட்டார். கன்னத்தில் சந்தனம் பூசினார். பச்சை வளையலும் சிவப்பு வளையலும் கையில் ஏறின. சித்திகள் போட்டார்கள், பஸ்ஸில் வந்தவர்கள் போட்டார்கள். கடைசியில் அம்மா அந்தச் சோதிக்கிறவளையே கூப்பிட்டு, "நீயும் ரெண்டு போடும்மா" என்றார். அவள் என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவள் மூச்சு என் முகத்தில் பட்டது. அப்போதுதான் அடிவயிற்றில் சில்லென்று ஈரம் உணர்ந்தேன். கட்டு நழுவிவிட்டது.

சாராயம் புடவைக் கொசுவத்தில் இறங்கி மனைப்பலகையில் வடிந்தது. அவள் வளையலைப் பாதியில் நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அப்போது பேரப்பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற ஆசையில் என் வயிற்றில் உள்ளங்கையை வைத்திருந்தார். ரப்பர் உள்ளே போனது. அம்மா என் கண்ணைப் பார்த்தார். சந்தனம் பூசிய கை அப்படியே நின்றது.

இவர் இப்போது என்ன சொல்கிறாரோ அதுதான் என் ஆயுசு என்று எனக்குத் தெரிந்தது. அம்மா பொய்யே பேசாதவர். பால்காரனிடம்கூடச் சண்டை போட்டு உண்மையை நிலைநாட்டுகிறவர்.

"ஐயையோ! பனிக்குடம் ஒடஞ்சிபோச்சே!"

அடுத்த நொடி பன்னீர்ச் செம்பை எடுத்து என் தலையிலும் மடியிலும் மொத்தமாகக் கவிழ்த்தார். "மயக்கம் போடறா, ஆம்பளைங்க அந்தாண்ட போங்க! நவுருடி, காத்து வரட்டும்!" சோதிக்கிறவளை ஒரே தள்ளு. அவள் பதறிப்போய்த் தன் முந்தானையாலேயே எனக்கு விசிறினாள். ஹெட் கான்ஸ்டபிள் ஓடிப்போய் மூங்கிலைத் தானே தூக்கிப் பிடித்தார். "தூக்கிக்கினு போங்கம்மா, சீக்கிரம்!" நாலு பொம்பளைகள் என்னை அந்தாண்டை தூக்கிப் போய் வண்டியில் போட்டார்கள். அப்பா மாட்டின் வாலை முறுக்கினார். மாட்டை அடித்தே அறியாத மனுஷன், அன்றைக்குச் சாட்டையைச் சுழற்றிக்கொண்டே அழுதார். சித்திகள் சோற்றுத் தூக்கோடு பின்னால் ஓடி வந்தார்கள்.

வண்டிக்குள் அம்மா என்னைத் தன் மடியில் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் கேட்காதபடி குனிந்து என் காதில் கேட்டார்.

"அதுக்குப் பின்னால... உள்ள ஒண்ணுமே இல்லியாடி?"

"ஒண்ணுமில்லம்மா."

அம்மா திட்டியிருந்தால் தேவலை. அறைந்திருந்தால் தேவலை. ஊர் வரைக்கும் என் தலைமயிரிலிருந்து பன்னீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குள் என்னைத் தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே சித்திகள் மருத்துவச்சியைக் கூப்பிடட்டுமா என்று கத்தினார்கள். "வேணாம். எல்லாம் முடிஞ்சிபோச்சி" என்றார் அம்மா. வெளியே ஒரே அழுகை. டியூபில் மிச்சமிருந்ததைச் சாக்கடையில் கொட்டி, அதைப் பழைய புடவையில் சுற்றினார். கதவுக்கு வெளியே அப்பா வந்து நிற்பது தெரிந்தது.

"இன்னா புள்ள?" என்று கேட்டார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆம்பளப் புள்ள" என்றார் அம்மா.

பார்க்கக் கொடுக்கவில்லை. பார்த்தால் தாங்க மாட்டீங்க என்று சொல்லி, அம்மாவே தோட்டத்தில் முருங்கைக்குப் பக்கம் குழி தோண்டிப் புதைத்தார். அப்பா மண் தள்ளினார். ஊர் ஜனம் வந்து துக்கம் கேட்டது. மல்லாட்டைக்காரர் தன் கண்தான் பட்டுவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் பாயில் படுத்துக் கிடந்தேன். அழுகை வந்தது, நடிப்பில்லை. எதற்காக அழுதேன் என்று இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை.

சாரத்துக்குத் திரும்பியதும் நாத்தனார் வந்து, "டியூபு எங்கடி?" என்றார். "பொதைச்சாச்சி, போங்க" என்று கதவைச் சாத்தினேன். அதன்பின் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வெகுநாள் வரவில்லை. மில்லையும் திறந்தார்கள். மாமியார் வேறு பெண் பார்க்குமுன் எனக்கு மசக்கை வந்தது. அம்மா சபதத்தை விட்டுச் சாரத்துக்கே வந்து வளையல் போட்டார். மூன்று பிள்ளைகள் பெற்றேன், மூன்றும் தங்கின.

அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். அம்மா கண்ணால் அடக்கிவிடுவார். விடுமுறைக்குப் போனால் பிள்ளைகள் தோட்டத்தில் ஓடிப் பிடித்து விளையாடும். முருங்கைப் பக்கம் போனால் மட்டும் அப்பா வேலையைப் போட்டுவிட்டு வருவார். அவர் யாரையும் அதட்டுகிறவர் இல்லை. மெதுவாகத்தான் சொல்வார்.

"அங்க மிதிக்காதீங்கடா. ஒங்க அண்ணன் படுத்திருக்கான்."